அரிசிப் பானைக்குள் போன்

2022-ல் ஒரே வாரத்தில் 14 பாட்டிமாரை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்துவிட்டேன். வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். 2021 ஆகஸ்டில் வந்த திட்டம். எந்தப் பாட்டிக்கு எந்த மாத்திரை என்பது எனக்கு மனப்பாடம். பதினைந்தாவதாக ஒரு ஆளுக்கும் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆள் நான்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, அண்ணா பஸ் ஸ்டாண்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று கௌரவமாகச் சொல்கிறேன், விழுந்தேன். பிரஷர் 180/110. காலையிலிருந்து வயிற்றில் ஒரு கட்டங்காப்பி மட்டும்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். "வேலை ஒண்ணும் இல்ல, சும்மாதான் இருக்கேன்" என்றேன். பக்கத்தில் நின்ற என் மகள் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

கருங்கலுக்கும் குளச்சலுக்கும் இடையில் ஒரு சின்ன ஊராட்சி என்னுடையது. பத்தொன்பது வருஷம் அண்டி ஆபீசில் வேலை பார்த்தேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை. இங்கே யாரும் அதை ஆலை என்று சொல்வதில்லை. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்தும் குண்டு குண்டாக இருக்கும். அதனால் கூட வேலை பார்த்தவர்களுக்கு பி.எஃப். விண்ணப்பம் எழுதிக்கொடுக்கத் தொடங்கினேன். அப்புறம் விதவை உதவித்தொகை, முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது, பட்டா, அடிக்கிற புருஷன்மேல் புகார் என்று வாசலில் செருப்புகள் கூடிக்கொண்டே போயின. சம்பளம் கிடையாது. ஒரு சீப்பு மட்டிப்பழம் வரும், ஒரு கூறு சாளை வரும், பல நாள் ஒன்றும் வராது.

இது என்னைப் போன்ற ஆட்களுக்காக எழுதுவது. மகளிர் குழுத் தலைவி, சர்ச்சின் அக்கம்பக்கக் குழுவான அன்பியத்தில் ஓடியாடுகிறவர், அய்யா வழிக்காரர்கள் கும்பிடுகிற நிழல்தாங்கலில் சோறு பொங்கிப் போடுகிறவர், நடுராத்திரியில் 'ரத்தம் வேணும்' என்று போன் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு பறக்கிற பையன்கள், இவர்கள் எல்லாருக்கும். 'ஊர் இவ்வளவு கஷ்டத்தில் இருக்கும்போது நீ காலை நீட்டலாமா?' என்று ஒரு குரல் நம் எல்லாருக்குள்ளும் உண்டு. அதோடு சண்டை போட்டுப் பார்த்தேன், ஜெயிக்க முடியவில்லை. அதற்கு ஒரு வேலையைக் கொடுத்து ஓரமாக உட்கார வைக்கலாம். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் தண்ணீர் குடியுங்கள்

நான் சேர்ந்த காலத்தில், பருப்பின் தோலை உரிக்கிற பீலிங் செக்‌ஷனில் மட்டும் நாற்பது பெண்களுக்கு மேல் இருந்தோம். கக்கூஸ் ஒன்று, அதற்குக் கதவு பாதி. அதனால் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எல்லாருக்கும் நீர்க்கடுப்பு. ஒருத்தி இளநீர் குடிப்பாள், ஒருத்தி சீரகத் தண்ணீர், ஒருத்தி மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுவாள். என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு அக்கா இருந்தாள், அண்டிப்பால் பட்டுப் பட்டு அவள் விரல்கள் கருத்துத் தோலுரிந்து கிடக்கும். அவள்தான் கேட்டாள்: "சீக்கு எல்லாருக்கும் ஒண்ணுதானே, வைத்தியம் மட்டும் எதுக்குத் தனித்தனியா?"

ஒரு நாள் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய் எல்லாரும் ஒரே நேரத்தில் குடித்தோம். பத்து மணிக்கு அந்தப் பாதிக் கதவின் முன்னால் வரிசை நின்றது. சூப்பர்வைசர் கத்தினார். "சார், மூத்திரம் வருது" என்பதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கோஷம் கிடையாது, கொடி கிடையாது. மூன்று நாள் இதே கதை. நாலாம் நாள் கொத்தனார் வந்தார். கழிப்பறையும் குடிநீரும் முதலாளி செய்துதர வேண்டியவை என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்ததும், முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு அறை வேண்டும் என்று அதே சட்டம் சொன்னதும் அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. முதலில் தண்ணீர், பிறகு சட்டம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உடம்பைப் பார்த்துக்கொள்வதும் உரிமை கேட்பதும் அன்று எங்களுக்கு ஒரே பாட்டிலுக்குள் இருந்தன. மனு எழுத வந்த பிறகு நான்தான் அவற்றை இரண்டாகப் பிரித்தேன். ஊர் வேலை உசத்தி, உடம்பு சில்லறை என்று ஆக்கிக்கொண்டேன்.

ஆகவே செய்ய வேண்டியது: வீட்டைவிட்டு இறங்கும் முன் சாப்பிடுங்கள். திங்கட்கிழமை என்றால் எனக்குப் பழங்கஞ்சியும் தேங்காய்ச் சம்மந்தியும். பையில் ஒரு பாட்டில் தண்ணீர், பிரஷர் மாத்திரை, ஒரு ஏத்தம்பழம். கலெக்டர் ஆபீசில் வரிசை நகர ஒன்றரை மணி நேரம்கூட ஆகும், நின்றே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கூட வந்தவரை வரிசையில் விட்டுவிட்டு நிழலில் உட்காருங்கள், பாதி நேரம் கழித்து மாறிக்கொள்ளுங்கள். இதற்காகவே தனியாகப் போகாதீர்கள்.

மூன்றாம் பத்தி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து மூன்று பத்தி போட்டேன். முதல் பத்தியில் யாருடைய காரியம், என்ன காரியம். இரண்டாவதில் அடுத்த தேதி. மூன்றாவதில், என்னைத் தவிர இந்தக் காரியத்தை அறிந்த இன்னொரு ஆள் யார்.

31 காரியங்கள் இருந்தன. மூன்றாம் பத்தியில் நான்கு பெயர்தான். மீதி 27 வீட்டின் கதையும் என் மண்டைக்குள் மட்டும் இருந்தது. அன்று பஸ் ஸ்டாண்டில் நான் எழுந்திருக்காமல் போயிருந்தால் 27 காரியமும் என்னோடு போயிருக்கும். சேவை என்று நினைத்து நான் செய்துவைத்திருந்த வேலை அது.

உங்கள் நோட்டிலும் போட்டுப் பாருங்கள். மூன்றாம் பத்தியில் வெற்றிடம் ஐந்துக்கு மேல் இருந்தால் புதுக் காரியம் எடுக்காதீர்கள், இருப்பதை முதலில் பங்கு வையுங்கள். அந்த இன்னொரு ஆள் பெரிய படிப்புக்காரராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் மனு கொடுக்கிறவரேதான். ஒரு பிளாஸ்டிக் ஜிப் கவர் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக் நகல்கள், மனுவின் நகல், ஒப்புகைச் சீட்டு எல்லாம் அதற்குள் வைத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். முன்பெல்லாம் ஒப்புகைச் சீட்டுகளை என் அலமாரியில் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தேன். பத்திரம் என்று பெயர், உண்மையில் ஒவ்வொரு சீட்டுக்காரரும் என் வாசலுக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டியிருந்தது. மனு எண் தன் கையில் இருக்கிற ஒரு மீன்கார அக்கா இப்போது சருவத்தை இறக்கி வைத்துவிட்டு, தானே முதலமைச்சர் உதவி எண்ணான 1100-க்குப் போன் போட்டு, "என் மனு என்னாச்சு?" என்று அதட்டிக் கேட்கிறாள். நான் ஒருநாளும் அப்படி அதட்டியதில்லை. என் குரலில் எப்போதும் ஒரு கெஞ்சல் இருக்கும்.

இரண்டாம் பத்தியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில், 2005-ஆம் வருஷச் சட்டம், பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி விண்ணப்பம் போட்டால் 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. முன்பு நான் விண்ணப்பம் போட்ட மறுநாளிலிருந்தே கவலைப்படத் தொடங்குவேன். சட்டமே முப்பது நாள் எடுத்துக்கொள்ளும்போது எனக்கு என்ன அவசரம்? இப்போது நோட்டில் முப்பத்தோராம் நாளைக் குறித்துவைக்கிறேன். அன்று காலை கவலைப்பட்டுக்கொள்ளலாம். அதற்கு முன் யாராவது "அது என்னாச்சு அக்கா?" என்று கேட்டால், தேதியைக் காட்டுகிறேன்.

ஏழு மனுவை ஒன்றாக்குவது

நம்மைத் தளர வைப்பது பெரும்பாலும் கஷ்டப்படுகிற மனிதர்கள் இல்லை. ஒரே காரியத்துக்கு ஆறு தடவை நடக்க வைக்கிறார்களே, அந்த அலைச்சல்தான். எட்டு மணி நேரம் தூங்கினாலும், மூச்சுப் பயிற்சி செய்தாலும் அது குறையாது. நடையைக் குறைத்தால்தான் குறையும்.

எங்கள் ஊரின் மேல்கரைக்காரர்களுக்கு ரேஷன் கடை இரண்டரை கிலோமீட்டர். ஏற்றம் வேறு. மூட்டுவலிக்காரப் பாட்டிமார் ஏழு பேருக்குத் தனித்தனியாக மனு எழுதினேன். ஏழு பேரையும் தனித்தனியாக அழைத்துப்போனேன். ஏழுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று அச்சடித்தாற்போல் ஒரே பதில். என் பக்கத்து வீட்டு மைனிதான், ரப்பர் பால் வெட்டப் போகிறவள், விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு போகிற வேலை, ஒரு நாள் சொன்னாள்: "ஏழு மரத்தில வடியிற பாலை ஏழு வாளியிலயா தூக்கிட்டு வருவோம்?"

கிராம சபைக்குக் கொண்டுபோனோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. நவம்பர் 1 எங்கள் மாவட்டத்துக்குப் பிறந்தநாள் மாதிரி, 1956-ல் அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஒன்று கவனியுங்கள், கிராம சபை ஊராட்சிகளுக்குத்தான் உண்டு, பேரூராட்சிகளுக்குக் கிடையாது. குமரியில் பேரூராட்சிகள் நிறைய. உங்களுடையது எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நான் தெரியாமல் பக்கத்துப் பேரூராட்சிக்காரர்களைக் கிளப்பிவிட்டு அசடு வழிந்திருக்கிறேன். 'மேல்கரைக்குப் பகுதி நேர ரேஷன் கடை வேண்டும்' என்று தீர்மானம். தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறவரை எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்து, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். அதுதான் முக்கியம், கைதட்டலோடு கலைந்துவிட்டால் புத்தகத்தில் ஒன்றும் இருக்காது. பதினாலு மாதம் ஆனது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் கடை திறக்கிறது. அந்த ஏழு பாட்டிமாருக்காகத் தனித்தனியாக நான் நடந்த மொத்த நடையைவிட, இந்தத் தீர்மானத்துக்காக நடந்தது குறைவு.

எனவே, நோட்டில் ஒரே மாதிரிக் காரியம் மூன்று சேர்ந்தால் நாலாவதை எழுதாதீர்கள். மூன்று பேரையும் ஒரே திண்ணையில் உட்கார வையுங்கள்.

அரிசிப் பானை

இரவு எட்டு மணிக்கு என் போன் அரிசிப் பானைக்குள் போய்விடும். மேசைமேல் வைத்தால் கை போகும், அலமாரியில் வைத்தால் சத்தம் கேட்கும். அரிசிக்குள் புதைத்தால் கேட்காது. காலையில் அரிசி எடுக்கப் போகும்போது வெளியே வரும்.

ஆனால் வெறுமனே போனைப் புதைப்பது பொறுப்பில்லாத வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு அட்டையில் எண்களை எழுதி வாசலில் தொங்கவிட்டேன், வந்துபோகிற எல்லாருக்கும் ஒரு நகல் கொடுத்தேன். பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. முதியவர்களுக்கு 14567. ஆம்புலன்ஸ் 108. சட்ட உதவி 15100. மனசு சரியில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் 14416. கீழே எங்கள் குழுவில் இரண்டு பேரின் எண்ணும் என் எண்ணும், வாரத்துக்கு ஒருத்தி முறை வைத்து. என் முறை மூன்று வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும், அந்த வாரம் மட்டும் போன் பானைக்கு வெளியே.

முதல் மாதமே சோதனை வந்தது. ஒரு பிள்ளை, கல்யாணமாகி இரண்டு வருஷம், ராத்திரி பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். பதினாறு தடவை. நான் எடுக்கவில்லை. அப்புறம் அட்டையைப் பார்த்து முறைக்காரியைக் கூப்பிட்டிருக்கிறாள். முறைக்காரி 181-க்குச் சொல்லி, தானும் தன் மகனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பிள்ளையைத் தன் வீட்டில் படுக்க வைத்திருக்கிறாள். காலையில் அரிசிக்குள்ளிருந்து போனை எடுத்துப் பார்த்ததும் கை நடுங்கிப்போனது. ஓடினேன். அந்தப் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து புட்டும் பயறும் தின்றுகொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் நன்றாக இருப்பதைப் பார்த்து முதலில் நிம்மதி வந்தது, அடுத்த நிமிஷம் ஒரு சின்ன வருத்தம் வந்தது. நான் இல்லாமலே காரியம் நடந்துவிட்டதே என்று. மூன்றாம் பத்தி ஏன் இத்தனை வருஷம் வெறுமையாகக் கிடந்தது என்று அந்தத் திண்ணையில் வைத்துத்தான் புரிந்தது. ஆள் கிடைக்கவில்லை என்பது நான் வெளியே சொன்ன காரணம். 'அக்கா இல்லன்னா ஒண்ணும் நடக்காது' என்று கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. ஊர் வேலை செய்கிற எல்லாருக்கும் இந்த ருசி கொஞ்சமாவது இருக்கும். இல்லை என்கிறவரை நான் நம்புவதில்லை.

துக்க வீட்டிலிருந்து திரும்புவது

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர் பக்கமெல்லாம் தெருத்தெருவாகத் துக்கம். டிசம்பர் 7-ஆம் தேதி கடற்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தார்கள். நாங்கள் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர்க்காரர்கள், கடலுக்குப் போகிற குடும்பம் இல்லை. தண்ணீரும் சோறும் கொண்டுபோனோம், கைப்பிள்ளைகளை வாங்கி வைத்துக்கொண்டோம். தண்டவாளத்தில் உட்காருவது மட்டும்தான் போராட்டம் என்று நினைக்க வேண்டாம். அவள் உட்கார்ந்திருக்கும்போது அவள் பிள்ளைக்குப் பால் யார் கொடுப்பது? அதுவும் ஒரு வேலைதான். நின்று கோஷம் போட முடியாதவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு வந்த காகித வேலைதான் என்னை உடைத்தது. உடல் கிடைக்காதவருக்கு இறப்புச் சான்று எப்படி வாங்குவது? ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கருதலாம் என்பது பொதுச் சட்டம். ஒக்கிக்கு அரசாங்கம் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தியது, இருபது லட்சம் நிவாரணமும் வந்தது. ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய மனைவிக்கு, போட்டால் 'என் புருஷன் செத்துட்டார்' என்று தானே சொன்னதாக ஆகிவிடுகிறது. ஒரு வீட்டில் பேனாவைக் கொடுத்துவிட்டு நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் போடவில்லை. போட வைக்க நானும் முயலவில்லை. மூன்றாவது தடவை போனபோது போட்டாள்.

அப்படி ஒரே நாளில் மூன்று வீடு போவேன். இரவு கண்ணை மூடினால் பேனாதான் தெரியும்.

இப்போது எனக்குச் சில கட்டுப்பாடுகள். துக்க வீடு ஒரு நாளைக்கு ஒன்று. எப்போதும் இரண்டு பேராகப் போவது. ஒருத்தி பேச, ஒருத்தி காகிதம் பார்க்க. திரும்பும் பஸ்ஸில் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு கிடையாது. திங்கள்நகரில் இறங்கி ஒரு டீ, ஒரு ரசவடை, அங்கே வைத்து என்ன பேசவேண்டுமோ பேசி, அழவேண்டுமானால் அழுது முடிப்பது. வீட்டுக்குள் நுழையும் முன் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டு நுழைய வேண்டும் என்று பாட்டி சொன்னபோது தீட்டு, மூடநம்பிக்கை என்று எதிர்த்துப் பேசியவள்தான் நான். தீட்டு கிடக்கட்டும், அந்த வாளித் தண்ணீர் ஒரு வேலை செய்கிறது. அந்த வீட்டு ஆள் போய், இந்த வீட்டு ஆள் வருகிறாள்.

இன்னொன்று. எதையும் உறுதி சொல்லாதீர்கள். 'வாங்கித் தர்றேன்' என்று சொன்னால் வராதபோது நீங்கள் கடன்காரர். 'கேட்டுப் பாப்போம்' என்று சொல்லிப் பழகுங்கள். கேட்கிறவருக்கு முதலில் கொஞ்சம் குளிராகத்தான் இருக்கும்.

முடியாது என்பது

நான் எடுக்காத காரியங்கள்: அண்ணன் தம்பி சொத்துத் தகராறு, வேலிக்கல் தகராறு, தேர்தல் நேரத்து வேலை. வேலிக்கல்லில் கை வைத்தால் இரண்டு பக்கத்திலும் உறவு போகும், குமரியில் அரை சென்ட் நிலத்துக்கு மூன்று தலைமுறை பேசாமல் இருப்பார்கள். ஆனால் வெறும் முடியாது என்று சொல்லி அனுப்பக்கூடாது, எங்கே போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். இது தெரியாமலே எத்தனையோ பேர் நகையை அடகு வைத்து வக்கீலுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

காசைப் பற்றி இரண்டே வரி. சொந்தக் காசு கொடுக்காதீர்கள், என் மகளின் கம்மல் அப்படிப் போனதுதான். குழுவில் ஒரு உண்டியல் வைத்து, பஸ்சுக்கும் நகலுக்கும் அதிலிருந்து எடுத்து, எடுத்ததை எழுதி வையுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அந்தச் செலவு இப்போது குறைவு.

வீட்டிலிருந்து வந்த மனு

நான் விழுவதற்கு ஒரு மாதம் முன்பு மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. நான் எழுதும் அதே அமைப்பில். அனுப்புநர்: மகள். பெறுநர்: உயர்திரு அம்மா அவர்கள், திண்ணை. பொருள்: ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க வேண்டுதல் தொடர்பாக. 'ஐயா/அம்மா, நான் மேற்படி முகவரியில் 21 வருடங்களாக வசித்து வருகிறேன்' என்று தொடங்கி, கடைசியில் 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' சிரித்துவிட்டு மடித்து வைத்தேன். பரிசீலனையில் வைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் ஞாயிறு, அம்மா வீட்டுக்குப் போனோம். சாமித்தோப்புப் பக்கம். அய்யா வழிக்காரர்கள். தாங்கலில் சிலை கிடையாது, கண்ணாடிதான். சின்ன வயதில் "சாமி எங்க பாட்டி?" என்று கேட்டால், "நல்லாப் பாரு மக்களே, தெரியும்" என்பாள். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, அவர்கள் வீட்டுப் பெண்கள் மாரை மறைக்கக்கூடாது என்றிருந்த திருவிதாங்கூர் காலத்தில், 1809-ல் பிறந்து 1851-ல் போன, அய்யா வழியைத் தொடங்கிய வைகுண்டர் கட்டச் சொன்ன தலைப்பாகை அது. எல்லாச் சாதியும் சேர்ந்து தண்ணீர் இறைக்க முத்திரிக் கிணறு வெட்டியவரும் அவர்தான். ஒரு பக்கம் பொதுக் கிணறு, இன்னொரு பக்கம் உன் முகத்தை நீயே நிமிர்ந்து பார்க்க ஒரு கண்ணாடி. சிறுவயதிலிருந்து பார்த்தும் இரண்டையும் சேர்த்து நான் யோசித்ததில்லை. அன்று கண்ணாடியில் பார்த்தபோது முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கருத்து, அண்டி ஆபீஸ் அக்காவின் விரல் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று.

இப்போது ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் ஒரு பலகை தொங்கும்: 'இன்று மனு இல்லை.' மூன்று வாரம் ஊரில் முறைத்தார்கள், நாலாம் வாரம் பழகிவிட்டது. ஞாயிறு மரச்சீனிக் கிழங்கு அவித்து, நெத்தோலிக் கறி வைத்து, மத்தியானம் ஒரு தூக்கம். சில ஞாயிறு தூக்கம் வராது, எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று மனசு நடந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட நாளில் எழுந்து முற்றத்தைப் பெருக்குகிறேன்.

தொடங்க நினைக்கிறவர்கள் நாளை செய்ய வேண்டியது மூன்று பத்தி நோட்டு ஒன்றுதான், மற்றதெல்லாம் பின்னால் வரும். நாற்பது பக்க நோட்டாக வாங்குங்கள். இருநூறு பக்கம் வாங்கினால் அதையும் நிரப்பத் தோன்றும்.